பத்தொன்பதாவது ஆள்

குதிகாலை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையால் கெண்டைக்காலுக்குக் கீழே அழுத்திப் பிடித்து, பாதத்தை மட்டும் மெல்ல முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல கணுக்காலாக இருந்தால், தாழ்ப்பாள் போட்ட கதவைத் தள்ளியதுபோல டக்கென்று நின்றுவிடும். தசைநார் கிழிந்த கணுக்கால் நிற்காது. இழுத்த இழுப்புக்கு இன்னும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு வரும். எவ்வளவு கொஞ்சம் என்றால், ஒரு அரிசிமணி அகலம். அந்த அரிசிமணியை விரல் நுனியில் கண்டுபிடிக்கத்தான் நாலரை வருஷப் படிப்பும் பதினேழு வருஷ வேலையும்.

அன்று மாலை பயிற்சி மைதானத்தின் ஓரத்தில், ஈரமான செயற்கைப் புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த, அணியின் காயங்களைப் பார்க்கும் பிசியோ அக்காவுக்கு அந்த அரிசிமணி தட்டுப்பட்டது. ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தாள். இரண்டு முறையும் தட்டுப்பட்டது.

கால் யாருடையது என்பதைவிட, அந்தக் காலுக்குப் பின்னால் நாலடி தள்ளி மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றது யார் என்பதுதான் அவளைக் கலக்கியது.

எட்டு நாடுகள் மோதும் பெண்கள் ஹாக்கிப் போட்டி அது. மறுநாள் மாலை நாலு மணிக்கு அவர்களுடைய முதல் ஆட்டம். ஒவ்வொரு நாட்டுக்கும் பதினெட்டுப் பேர், அதற்குமேல் ஒருத்திக்கும் இடமில்லை. பட்டியலை மறுநாள் காலை பதினொரு மணிக்குப் போட்டி அலுவலகத்தில் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு கையொடிந்தாலும் காலொடிந்தாலும் இருப்பவர்களை வைத்துத்தான் ஆட வேண்டும். அதற்கு முன்னால் ஒருத்திக்குக் காயம் என்று மருத்துவக் கடிதம் கொடுத்தால் பெயரை மாற்றலாம். ஆனால் பெயர் அடிக்கப்பட்டவள் போட்டி முடிகிறவரை உள்ளே வர முடியாது. ஆட்டக்காரிகள் உட்காரும் பெஞ்சில்கூட உட்கார முடியாது.

விழுந்தவள் பின்களத்தில் ஆடுகிறவள். ஆறு வருஷமாக ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. பந்து அவளைத் தாண்டிப் போகாது என்பதால் அணியில் எல்லாரும் அவளைச் 'சுவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டுப் பேருக்கு மேல் கையிருப்பாக இரண்டு பேரையும் அழைத்து வந்திருந்தார்கள். ஒருத்தி நடுக்களத்தில் ஆடும் இருபது வயதுப் பெண், பெயர் 'குருவி'. இன்னொருத்தி சுவரின் அதே இடத்தில் ஆடுகிறவள். வயது இருபத்தேழு. மூன்று பெரிய போட்டிகளுக்கு இப்படியே கையிருப்பாக வந்து, எண் ஒட்டிய சட்டையை உறை பிரிக்காமல் திரும்ப எடுத்துப் போனவள். அவளுக்குப் 'பத்தொம்போது' என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டில் அவள் சின்னவள். பிசியோ அக்காவின் கூடப்பிறந்த தங்கை.

இப்போது மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றவள் அவள்தான். ஒரு அடி முன்னால் வரவில்லை. நின்றதே போதுமாயிருந்தது.

"முகத்த அப்படி வைக்காதீங்கக்கா. லேசா பிசகிடுச்சு, அவ்வளவுதான்," என்றாள் சுவர், பல்லைக் கடித்துக்கொண்டே.

"நீ வாய மூடு. வலிச்சா மட்டும் திற."

கோல்கீப்பர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சும்மா இருக்கிற வாயா அது? "பத்தொம்போதுக்கு அடிச்சது பார் யோகம்! வீட்டுலயே டாக்டர வச்சிருக்கா. நமக்கு யாருடி இருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். சுவரும் சிரித்தாள். பிசியோ அக்காவும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்புதான் அவள் வாயைக் கட்டிப் போட்டது.

கோச் வந்தார். விசில் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். "என்னம்மா, சொல்லுங்க. ஆடுவாளா மாட்டாளா?"

'மாட்டாள்' என்ற ஒரு சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதைச் சொன்னால், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தங்கை உள்ளே வருவாள். இத்தனை பேர் சிரிப்பு அடங்குவதற்குள் அதை எப்படிச் சொல்வது?

"வீக்கம் வடியட்டும் சார். காலையில பார்த்துச் சொல்றேன்."

போட்டிக்கென்று அமர்த்திய மருத்துவர் அப்போது அதே மைதானத்தில்தான் இருந்தார். எந்த நாட்டையும் சேராதவர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, நொண்டிக்கொண்டு போகிற சுவரைப் பார்த்துவிட்டு, "நான் பார்க்கணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் டாக்டர், நாங்களே பார்த்துக்குறோம்," என்றாள் பிசியோ அக்கா.

அவர் போய்விட்டார். வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து, உருகாத கட்டிகளாகப் பார்த்துப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தப் பெண்மணி இந்த இடத்துக்கு வந்த கதை நீளம். சந்தையில் மூட்டை தூக்குகிறவரின் மூத்த மகள் அவள். அவளுக்குப் பதினாறு வயதிருக்கும்போது, தலையில் மூட்டையோடு நடந்துகொண்டிருந்த அப்பா அப்படியே சரிந்தார். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. அரசு மருத்துவமனையின் பயிற்சி அறைக்கு அவரை நடத்தி அழைத்துப் போவது அவள் வேலை. அங்கே இருந்த ஒரு அம்மா, அப்பாவின் முன்னால் இரண்டு கிண்ணங்களை வைத்து, ஒன்றில் இருக்கிற கோலிக்குண்டுகளை எடுத்து மற்றதில் போடச் சொல்வார். நூறு கிலோ தூக்கிய கை, ஒரு கோலிக்குண்டைத் தூக்க முடியாமல் வேர்த்துக் கொட்டியது. பதினோரு மாதம் கழித்து அப்பா தன் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்ட அன்று, படித்தால் இதைத்தான் படிப்பது என்று மகள் முடிவு செய்துவிட்டாள்.

சொந்தக்காரர்கள் விடுவார்களா? "கை கால் பிடிச்சு விடுறதுக்கு நாலரை வருஷம் காலேஜா? எங்க வீட்டுக்கு வா, சும்மாவே பிடிச்சு விடலாம்," என்றார் பெரிய மாமா. அவருக்கே பிற்காலத்தில் தோள்பட்டை இறுகிப்போய், சட்டை போட ஆள் தேவைப்பட்டபோது, அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார். கையை மேலே தூக்கச் சொல்லி, "நாலரை வருஷம் மாமா, மெதுவாத்தான் சரியாகும்," என்றாளாம். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. மருத்துவமனை அறையின் கதவில் பெயருக்குப் பின்னால் பட்டத்தின் எழுத்துகளையும் சேர்த்துப் பலகை மாட்டிய அன்று, அப்பா வந்து அதைத் தடவிப் பார்த்தார், வலது கையால்.

காலையில் மருத்துவமனையில் இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே நோயாளிகளை நடக்க வைப்பாள். அணிக்கு முகாம், போட்டி என்று வந்தால் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். கணவர் மின்கம்பம் ஏறுகிற லைன்மேன். "நீ ஊரான் வீட்டுப் பொண்ணுங்க காலைக் கட்டு, நான் ஊரான் வீட்டு ஒயரைக் கட்டுறேன். நம்ம வீட்டுக் கொடிக்கயிறு அறுந்து ஆறு மாசம் ஆச்சு," என்பார்.

தங்கை பிறந்தபோது இவளுக்குப் பதினாலு வயது. இடுப்பில் தூக்கி வளர்த்தது இவள்தான். முதல் மட்டை வாங்கிக் கொடுத்தது இவள். அணியில் இவள் சேர்ந்தது தங்கையால் அல்ல. தங்கை சேர்வதற்கு நாலு வருஷம் முன்பே இவள் சேர்ந்துவிட்டாள். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதனாலேயே தங்கை விஷயத்தில் இவள் ஒரு சுற்று அதிகக் கண்டிப்பாக இருந்து பழகிவிட்டாள். மற்ற பெண்களுக்கு முழங்கால் வலித்தால் ஒரு நாள் ஓய்வு, தங்கைக்கு வலித்தால் "ஓடினா சரியாகும்." அந்தப் பழக்கம்தான் அன்று மைதானத்திலும் அவளுக்காகப் பேசியது.

மறுநாள் காலை ஆறு மணி. விடுதியில் அவளுடைய அறையில் கட்டிலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மடக்கு மேசையை நடுவில் போட்டிருந்தாள். சுவர் அதன்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பிசியோ அக்கா கட்டை அவிழ்த்தாள்.

கணுக்காலின் வெளிப்பக்கம் கத்திரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. கன்றல் இறங்கிக் குதிகாலின் ஓரம்வரை போயிருந்தது. எலும்பை அமுக்கிப் பார்த்தாள், எலும்புக்கு ஒன்றுமில்லை. குதிகாலை ஏந்தி இழுத்தாள். நேற்று ஒரு அரிசிமணி. இன்றைக்கு ஒன்றரை.

"டேப் போடுங்கக்கா," என்றாள் சுவர். "இறுக்கமா போடுங்க. போன வருஷம் தொடையில போட்டீங்களே, அந்த மாதிரி. ஊசி வேணும்னா போட்டுக்கிறேன்."

"டேப் போட்டா வலிக்காதுடி. அதான் ஆபத்து."

"வலிக்காட்டி எப்படி ஆபத்து?"

"பாதி அறுந்த கயிறு மாதிரி இருக்கு உள்ள. இருபது நிமிஷம் நல்லா ஓடுவ. அப்புறம் ஒரு திரும்பு திரும்புவ பாரு, மிச்சமும் போயிடும். மூணு வாரத்துல ஆறுறது, ஆபரேஷன் வரைக்கும் போகும். அதுக்கப்புறம் நீ ஆடுவியான்னு நான் சொல்ல முடியாது."

சுவரின் குரல் இறங்கியது. "எங்க தெருவே டிவி முன்னாடி உக்காந்திருக்கும்க்கா இன்னிக்கு."

"தெரியும்மா."

"நீங்க என்ன எழுதுவீங்கன்னும் எனக்குத் தெரியும். உங்க தங்கச்சிதான..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் அப்படிச் சொல்ல வரல."

சொல்ல வந்தது அதுதான். பிசியோ அக்கா கட்டைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சுற்றுக் கோணலாகப் போயிற்று. அவிழ்த்துத் திரும்பச் சுற்றினாள்.

ஏழரைக்கு அம்மா போனில் வந்தாள். சின்னவள் இரவே வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டாள் போலிருக்கிறது.

"யாரோ ஒரு பொண்ணு விழுந்துட்டாளாமே?"

"ஆமாம்மா."

"பாவம்." அந்தப் பாவத்துக்கு ஒரு மூச்சு நேரம்தான் கொடுத்தாள் அம்மா. "அப்ப சின்னவ உள்ள வந்துடுவாளா?"

"அது நான் சொல்றதில்லம்மா."

"நீ சொல்லாம? கடுதாசி நீதான எழுதணுமாம்? இல்லாததையா எழுதச் சொல்றேன்? உள்ளத எழுதுடி. அவளுக்கு இனிமே எத்தன வருஷம் இருக்கு? பெத்தவ வயித்துல பாலை வார்க்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லு."

உள்ளதை எழுது. அம்மா சொன்னது நியாயம்தான். உள்ளதை எழுதினாலே தங்கைக்கு நல்லது நடக்கும் என்கிற நிலைமை ஒரு மனுஷிக்கு வரக்கூடாது. பொய் எழுதச் சொன்னால் மாட்டேன் என்று நிமிர்ந்து நிற்கலாம். உண்மையை எழுதக் கூசுகிறதே, இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒன்பதரைக்குக் கோச் அறையில் கூப்பிட்டார்கள். கோச் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பட்டியலை வைத்திருந்தாள். அவள் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். யாரிடம் பேசினாலும் வாக்குமூலம் வாங்குகிற தோரணை இருக்கும்.

"ஆட முடியாது சார்," என்றாள் பிசியோ அக்கா, கதவைச் சாத்தியதும். "குறைஞ்சது மூணு வாரம்."

கோச்சின் விரலில் விசில் கயிறு நின்றது. "நேத்து வடியட்டும்னு சொன்னீங்க."

"நேத்தே தெரியும் சார்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

மேனேஜர் அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "போட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் அந்தப் பக்கத்து மைதானத்துல இருக்கார். ஒரு மணிக்கு முன்னாடி வர முடியாதாம். உங்க கடிதத்த வச்சு மாத்திக்கோங்க, நான் வந்து பார்த்து உறுதி பண்றேங்குறார். நேத்து அவர் கைப்படவே வாங்கியிருந்தா எந்தப் பிரச்சினையும் இல்ல. இப்ப உங்க கையெழுத்து ஒண்ணுதான். உங்க கையெழுத்துல உங்க தங்கச்சி உள்ள வந்தா, நாளைக்கு என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். முந்தைய போட்டியின்போது ஒரு தேர்வாளரின் மருமகள் கடைசி நாளில் பட்டியலுக்குள் வந்தாள். அவள் நன்றாகவே ஆடினாள். ஆனாலும் மூன்று மாதம் பத்திரிகைக்காரர்கள் போட்டுக் காய்ச்சினார்கள். அந்தப் பெண் விளையாட்டையே விட்டுவிட்டாள்.

"அதனால," என்றார் கோச், "நீங்க எழுதினா நான் குருவியைத்தான் எடுக்கணும். அவ பின்களத்துல ஆடினதே இல்ல. எனக்கு வேண்டியது உங்க தங்கச்சி. அதுக்கு ஒரு வழி இருக்கு." சன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தார். "எல்லாரையும் தாழ்வாரத்துல நிக்க வைக்கிறேன். சுவர் எல்லார் முன்னாடியும் வெறுங்காலோட, அந்த ஒத்தக் கால்ல பத்துத் தடவ குதிக்கட்டும். முடியலன்னா எல்லாரும் பார்த்துட்டாங்க. அப்புறம் நீங்க எழுதுறது வெறும் கடிதம்தான். எவனும் ஒரு வார்த்த பேச முடியாது. உங்க தங்கச்சி உள்ள. எனக்கும் பின்களத்துக்கு ஆள் கிடைச்சாச்சு."

நல்ல வழி. யாரையும் ஏமாற்றாத வழி. கரும்பு தின்னக் கூலி கொடுக்கிற மாதிரியான வழி. ஒரு கணம் பிசியோ அக்காவுக்கே மூச்சு லேசானது.

ஒரு கணம்தான். குதிக்கப் போகிறவள் யார் என்று அவளுக்குத் தெரியும். வலிக்கிறது என்று மூன்றாவது குதியில் நிறுத்துகிற பெண்ணா சுவர்? அணியே எண்ணிக்கொண்டு நின்றால், அவள் பத்தும் குதிப்பாள். அறுந்து விழுகிறவரை குதிப்பாள்.

"வேண்டாம் சார்."

"ஏன்?"

"அவ நிறுத்த மாட்டா."

"நீங்க பக்கத்துல நில்லுங்க. முடியலன்னா பிடிச்சுக்கோங்க."

"பிடிக்கிறதுக்குள்ள போயிடும் சார்."

கோச் வாயைத் திறப்பதற்குள் வெளியே சலசலப்புக் கேட்டது. அந்த விடுதியின் கதவுகள் மெல்லியவை. அணியில் எந்த ரகசியமும் ஒரு மாடி தாண்டுவதற்குள் ஊர்வலமாகிவிடும். மேனேஜர் அம்மா கதவைத் திறந்தாள்.

தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் சுவர். கட்டை அவளே அவிழ்த்துவிட்டிருந்தாள். கன்றிப்போன பாதம் தரைவிரிப்பின்மேல் விரல்கள் விரிய ஊன்றியிருந்தது.

"நான் ரெடி சார்," என்றாள். "பத்து என்ன, இருபது குதிக்கிறேன். குதிச்சுட்டா ஆட விடுவீங்கல்ல?"

"சுவரு, சும்மா இரு," என்றாள் பிசியோ அக்கா.

"நீங்க எழுதுறதுக்கு முன்னாடி நான் குதிக்கணும்க்கா. பார்த்துட்டு எழுதுங்க."

"குதிக்கட்டுமேக்கா," என்றாள் கோல்கீப்பர். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை. "அவளுக்கும் ஒரு நியாயம் வேணாமா?"

வரிசையின் கடைசியில், மின்தூக்கிக் கதவுக்குப் பக்கத்தில் சின்னவள் நின்றாள். கோச் உள்ளே சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தவளுக்கு அந்தக் கண் என்ன கேட்கிறது என்று படிக்கத் தெரியாதா? 'ஒரே ஒரு தடவை, அக்கா. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா நின்னா போதும்.'

சுவர் நல்ல காலை மடித்துத் தூக்கினாள். கெட்ட கால் உடம்பு பாரத்தை வாங்கியது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. யாரோ மெதுவாக "ஒண்ணு" என்று எண்ண வாயெடுத்தார்கள்.

பிசியோ அக்கா இரண்டு எட்டில் போய் அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டாள். ஆள் ஒன்றும் இளைத்தவள் அல்ல. ஆனால் மூட்டை தூக்கியவரின் மகளுக்கு இடுப்பில் வலு இருந்தது. திமிறத் திமிறக் கொண்டுபோய் ஓரத்தில் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"விடுங்கக்கா! விடுங்க! உங்களுக்கு என்ன உரிம இருக்கு?"

"இந்தக் கால்மேல எனக்கு உரிம இருக்கு. உன்மேல இல்ல. நீ கத்திக்கோ."

மேனேஜர் அம்மாவின் கையிலிருந்த படிவத்தை வாங்கி, தாழ்வாரச் சுவரில் வைத்து எழுதினாள். பேனாவை மேல்நோக்கிப் பிடித்ததில் மை இறங்கவில்லை. உதறிவிட்டுத் திரும்ப எழுதினாள். வலது கணுக்கால், வெளிப்புறத் தசைநார்க் கிழிசல், ஆட இயலாது. தேதி, நேரம், கையெழுத்து, கையெழுத்துக்குக் கீழே பட்டத்தின் எழுத்துகள். எழுதும்போது தங்கையின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் எழுத முடியாது என்று தெரியும்.

கோச் காகிதத்தைப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"குருவி," என்றார். "போய்ச் சட்டையைப் போட்டுட்டு வா. போட்டோ எடுப்பாங்க."

குருவி "நானா சார்?" என்றாள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வரிசை கலைந்தது. மேனேஜர் அம்மா படியிறங்கி ஓடினாள். அறுபது வயதில் அந்த அம்மா அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. மின்தூக்கிப் பக்கம் யாருமில்லை. சின்னவள் எப்போது போனாள் என்று தெரியவில்லை.

அறைக்குத் திரும்பியபோது சின்னவள் மடக்கு மேசையின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அவ குதிச்சிருந்தா நான் உள்ள. இல்ல?"

"ஆமா."

"குதிச்சிருந்தா கால் கண்டிப்பா போயிருக்குமா?"

தங்கையிடம் 'கண்டிப்பா' என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சுலபம். "போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது."

"தெரியாததுக்கு என்னைப் பலி கொடுத்துட்ட."

"ஆமா."

"நேத்து அந்த டாக்டரக் கூப்பிட்டிருந்தா இவ்வளவும் இல்லையே அக்கா. ஒரு குரல். 'டாக்டர், இங்க வாங்க'ன்னு ஒரு குரல். ஏன் கூப்பிடல?"

"நீ பின்னாடி நின்ன."

"நின்னது தப்பா?"

"உன்மேல தப்பு இல்லடி. நான் பயந்துட்டேன். உனக்குச் செஞ்சேன்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன்."

சின்னவள் மேசையிலிருந்து இறங்கினாள். "ஊருக்குப் பயந்து பயந்தே நீ என்னை எத்தன தடவ ஓட விட்டிருக்க தெரியுமா? முட்டி வலிக்குதுன்னு எத்தன தடவ அழுதிருக்கேன்? மத்தவங்களுக்கெல்லாம் நீ பிசியோ. எனக்கு நீ என்ன?"

கேட்டுவிட்டு வெளியே போனாள். கதவு சாத்திய சத்தத்தில் மேசையின்மேலிருந்த டேப் உருளை உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. அதை எடுக்கக் குனிந்தவள், கொஞ்ச நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை வேர்த்திருந்தது. அப்பாவுக்குக் கோலிக்குண்டு தூக்கும்போது வேர்த்த மாதிரி என்று அவளுக்கே தோன்றியிருக்கலாம்.

இரண்டு மணிக்குப் போட்டி மருத்துவர் வந்தார். சுவரின் குதிகாலை ஏந்தி ஒரு இழுப்பு. முகம் மாறியது. "சரியாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார். "இதோட குதிக்க விட்டிருந்தா நான் உங்க மேல புகார் கொடுத்திருப்பேன். ஆனா ஒண்ணு. நேத்தே என்கிட்ட காட்டியிருக்கலாமே?"

"காட்டியிருக்கலாம் டாக்டர்," என்றாள் அவள்.

நாலு மணி. பார்வையாளர் மாடத்தில் கூட்டம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. தண்ணீர் தெளித்த புல் பளபளத்தது. பிசியோ அக்கா பெஞ்சின் ஓரத்தில், காலுக்கிடையில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குருவி பின்களத்தில் நிற்கத் தெரியாமல் நின்றாள். மூன்றாம் நிமிஷமே பந்து அவளைத் தாண்டிப் போனது. கோல்கீப்பர் பாய்ந்து காலால் தள்ளினாள். கோச் தலையில் அடித்துக்கொண்டார். பெஞ்சில் யாரும் பிசியோ அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காததே கழுத்தில் உறைத்தது.

பெயர் அடிக்கப்பட்டவளுக்கு உள்ளே அனுமதி இல்லை, கையிருப்புக்கும் இல்லை. இரண்டு பேரும் பொதுச் சீட்டில்தான் வர வேண்டும். வருவார்களா என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆட்டத்தைப் பார்க்க வேண்டிய கண் நிமிஷத்துக்கு ஒருமுறை மாடத்துக்குப் போய்ப் போய் வந்தது.

இடது பக்கப் படிக்கட்டின் அடியில் சுவரின் ஊன்றுகோல் முதலில் தெரிந்தது. பக்கத்தில் சின்னவள். கூட்டத்தில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு அந்தச் செங்குத்துப் படியில் ஏற முடியாது. சின்னவள் அதை வாங்கித் தன் கக்கத்தில் செருகிக்கொண்டு, சுவரின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். சுவர் அவசரத்தில் கெட்ட காலை முதலில் தூக்கப் போனாள். சின்னவள் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. சுவர் காலை மாற்றினாள். ஏறும்போது நல்ல கால் முதலில், அப்புறம் கெட்ட கால். ஒரு படி. நின்று மூச்சு. இன்னொரு படி. முப்பது படிக்கு மேல் இருக்கும். யார் முகத்திலும் சிரிப்பில்லை. உச்சிக்கு நாலு வரிசை கீழே இடம் பார்த்து, முதலில் அவளை உட்கார வைத்து, அந்தக் காலை முன் இருக்கையின் முதுகில் தூக்கி வைத்துவிட்டு, சின்னவள் உட்கார்ந்தாள்.

பிசியோ அக்கா கழுத்தை முழுசாகத் திருப்பிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைதானத்தில் விசில் கேட்டது. எதிரணிக்குப் பெனால்டி கார்னர். கூட்டம் ஒரு நொடி அடங்கியது. அந்த அடக்கத்தில் மேலேயிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது. அழுது கரகரத்த குரல், கோபம் அடங்காத குரல்:

"அக்கா! இங்க என்ன பாக்குற? உன் பதினெட்டு பேரு அங்க இருக்காங்க! அங்க பாரு!"

அவள் திரும்பினாள். குருவி கோல் கோட்டில், பந்தடி படாமல் காக்கும் முகமூடியின் பட்டையை இறுக்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தாள். எதிரணிக்காரி பந்தைத் தள்ளிவிடக் குனிந்துவிட்டாள். பிசியோ அக்கா பையின் ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.